பதினேழு சிறு குழல்கள்

செப்டம்பர் 14, சனி

எழுபத்திரண்டாம் வயதில் எனக்கு ஓர் ஆலயம் கிடைத்திருக்கிறது. அது எங்கள் சாப்பாட்டு மேசையின்மேல் இருக்கிறது.

என் கணவர் தங்கையா தொலைபேசித் துறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் கம்பிகளோடு வாழ்ந்தவர். மூன்று மாதமாக முன்னறையை அடைத்துக்கொண்டு அவர் செய்த வேலை இன்று நிறைவேறியது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கீபோர்டுகள், காலால் மிதிப்பதற்குத் தச்சர் செய்த தேக்குக் கட்டை வரிசை, ஒரு கணினி, ஒரு தொடுதிரை, இரண்டு ஒலிபெருக்கிகள். கண்ணுக்குத் தெரிவது இவ்வளவே. இவற்றுள் குடியிருப்பதோ வட ஜெர்மனியின் கடலோரச் சிற்றூர் ஒன்றின் ஆலயத்தில் முந்நூற்று முப்பது ஆண்டுகளாக நிற்கும் பைப் ஆர்கன். அதன் ஆயிரத்துச் சொச்சம் குழல்களையும் ஒவ்வொன்றாக ஊதவைத்து, ஒவ்வோர் ஒலியும் அந்தக் கல்மண்டபத்தில் அடங்கும் ஐந்து நொடி எதிரொலியோடு சேர்த்துப் பதிந்திருக்கிறார்கள். இங்கே நான் ஒரு கட்டையை அழுத்தினால், அங்கே என்றோ ஒரு நாள் பேசிய குழல் மீண்டும் பேசுகிறது.

இயக்கியதும் முதலில் கேட்டது இசையன்று, காற்று. துருத்தி நிறையும் ஓசை. களிமண்ணுக்குள் ஆண்டவர் ஊதிய சுவாசம் நினைவுக்கு வர, கைகள் கட்டைமேல் செல்லவில்லை.

"என்ன, வாசிக்காம உக்காந்திருக்க?" என்றார் அவர்.

"மூச்சு விடுதுங்க."

"விடட்டும். நீயும் மூச்ச விட்டுட்டு வாசி."

செப்டம்பர் 17, செவ்வாய்

குழல்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு வரிசைக்கும் திரையில் ஒரு மரக்குமிழ் வரையப்பட்டிருக்கிறது. குமிழைத் தொட்டால் அந்த வரிசை பேசும், மறுபடி தொட்டால் அடங்கும். வரிசைகளுக்கு நீளத்தால் பெயர்: எட்டடி, நாலடி, இரண்டடி, ஓரடி. யாப்பு நடத்தியே கல்லூரியில் தலை நரைத்தவளுக்கு இந்தப் பெயர்கள் போதாவா? காலையெல்லாம் தனியே சிரித்துக்கொண்டிருந்தேன். நீளம் குறையக் குறையக் குரல் மேலே ஏறும். ஒரே கட்டைக்குப் பல பொடிக் குழல்கள் சேர்ந்து ஒலிக்கும் வரிசையும் உண்டு. அதன் பெயர் மிக்ஸ்ச்சர்.

"மிக்ஸ்ச்சர்னா எனக்குத் தெரிஞ்சது காராபூந்தியும் கடலையுந்தான்" என்றார் என் கணவர். சொன்னதோடு நில்லாமல் டப்பாவையும் எடுத்து வந்துவிட்டார்.

பால் குக்கரின் விசில் அடைத்திருக்கிறது. இன்றும் நீர் வற்றி அடி கருகிவிட்டது. புதிது வாங்க வேண்டும். செம்பருத்தியில் இவ்வாண்டு தையல்சிட்டுகள் கூடு கட்ட வரவில்லை. அவரிடம் சொன்னேன். சன்னல் வழியே செம்பருத்தியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் எங்கள் ஆலயப் போதகரான சேகர குரு தனபால் ஐயர் அழைத்தார். டிசம்பர் முதல் ஞாயிறு மாலை, கிறிஸ்து வருகையை நினைக்கும் ஆராதனையில், நாற்பது நிமிடம் எனக்கு. இசைக்கருவியை ஆலயத்தில் வைத்து வாசிக்க வேண்டும். சபையாருக்குப் பிடித்தால் அது அங்கேயே நிலைக்கும், வாசிக்கும் இருக்கையில் நானும் இருப்பேன். பிடிக்காவிட்டால், தானே மேளம் தட்டும் அந்தச் சிறிய கீபோர்டு இப்போது போலவே தொடரும்.

முப்பத்தெட்டு ஆண்டுகள் இந்த ஆலயத்தில் ஆர்மோனியம் வாசித்தேன். ஈராண்டுகளுக்கு முன் எலிகள் துருத்தியைத் தின்றன. அன்று முதல் மூன்றாம் பெஞ்சில் கைகளை மடியில் வைத்து அமர்கிறேன். மடியில் இருக்கும் கைகளால் எனக்கு ஆராதிக்கத் தெரியவில்லை.

செப்டம்பர் 25, புதன்

தெரிந்தெடுத்தது முந்நூறு ஆண்டுக்கு முந்தைய பரோக் காலத்து வட ஜெர்மானிய ஆசான் ஒருவரின் முன்னிசையும், அதைத் தொடரும் ஃபியூக்கும். ஃபியூக்கைச் சபைக்கு எப்படி விளக்குவது என்று யோசித்தேன். அந்தாதியில் ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் முதலாகும். முடிவுக்காகத் தொடக்கம் காத்திருக்கும். இங்கே ஒருவரும் காத்திருப்பதில்லை. ஒரு குரல் தன் அடியைச் சொல்லி முடித்து வேறு பேச்சுக்குப் போகும்போதே, இரண்டாம் குரல் அதே அடியை ஐந்து சுரம் தள்ளி எடுக்கிறது, பிறகு மூன்றாம் குரல், கடைசியில் கால்கள். நால்வர் ஒரே நேரத்தில் பேசியும் ஒருவர் சொல் மற்றவர் சொல்லை மிதிப்பதில்லை. நம் சபைக் கமிட்டி கூடும்போது இது நடப்பதில்லை.

வெளிநாட்டார் இதற்கென்றே மெல்லிய காலணி அணிவார்களாம். நான் சேலையைச் செருகிக்கொண்டு வெறுங்காலால் மிதிக்கிறேன். ஆலயத்துள் செருப்போடு நாம் செல்வதில்லை. எனக்கு இது புதிதன்று.

அக்டோபர் 3, வியாழன்

வருந்தத்தக்க கண்டுபிடிப்பு ஒன்று.

ஓரடி வரிசையை மட்டும் எடுத்து, கீழிருந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்தினேன். நடு வரைக்கும் வெள்ளிச் சலங்கைபோல் தெளிவு. அதற்குமேல் மங்கியது. பிறகு கட்டையின் தட்டொலி மட்டும் இருந்தது, குழல் பேசவில்லை. எண்ணினேன். பதினேழு குழல்கள் ஊமை.

போர்க்காலங்களில் அந்நாட்டில் ஈயத்துக்கும் வெள்ளீயத்துக்கும் ஆலயக் குழல்களை உருக்கியதாகப் படித்திருக்கிறேன். பெரியவை தப்பி, எளிதில் பிடுங்கக்கூடிய சிறியவை போயிருக்க வேண்டும். பாபிலோனின் ஆற்றங்கரையில் பாட மறுத்துக் கின்னரங்களை மரத்தில் தொங்கவிட்டவர்களை நினைத்தேன். இவற்றுக்கு மறுக்கும் வாய்ப்பும் இல்லை.

என் கணவரிடம் சொன்னேன்.

"எல்லாம் இருக்கும், ரஞ்சிதம்."

"நீங்க போயி எண்ணிப் பாத்தியளா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருதரம் டாக்டர்ட்ட போயி காதுல அழுக்கு கிழுக்கு இருக்கான்னு பாத்துட்டு வருவமா?" என்றார். அவர் காதைத்தான் சொல்கிறார் என்று எண்ணுகிறேன். வயது எழுபத்தாறாகிறது. டி.வி.யின் ஒலியை நான் சரியாக வைத்தாலும் குறைத்துவிடுகிறார். இதோ இதை எழுதும்போதும் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றச் சென்றுவிட்டார். வெளியே மழை.

அக்டோபர் 13, ஞாயிறு

ஆராதனைக்குப் பின் ஆலயத்தில் ஒத்திகை. இசைக்கருவியை வேனில் ஏற்றிப் போனோம். பதினேழு குழல்களின் குறையை ஈடுசெய்ய மிக்ஸ்ச்சரையும் ஓரடியையும் கணினியில் கூட்டி வைத்திருந்தேன். முதல் ஓசை கூரையில் பட்டுத் திரும்பியபோது என் முதுகுத்தண்டு நிமிர்ந்தது. கற்கள் பேசும் என்ற வாக்கு இதுதானோ?

முடித்துத் திரும்பினால் முன்வரிசையில் இருவர் காதில் விரல் வைத்திருந்தனர். பாடகர் குழுவின் ரூபவதி எழுந்து வந்தார். பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தவர், பாட்டில் கீழ்க்குரல், யார் சுருதி பிசகினாலும் அவர் புருவம் ஏறும்.

"அக்கா, கோவிச்சுக்கிடாதீய. வாசிச்சது அருமை. ஆனா மேல ஒரு கீச்சுச் சத்தம் வருதே, அத கொஞ்சம் கொறைங்க. காது கூசுது."

"மேல ஒண்ணுமே இல்ல, ரூபவதி. பதினேழு குழல் போருல போயிட்டு."

"போருல போயிருந்தா எனக்கு எப்பிடிக் கேக்குது?"

"நாப்பது வருசம் சாக்பீசு கீச்சுனத கேட்ட காது. எதக் கேட்டாலும் அப்பிடித்தான் கேக்கும்."

பாடகர் குழுவில் இரண்டு பேர் சிரித்தார்கள். ரூபவதி சிரிக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 14, திங்கள்

காலை வேத வாசிப்பில் நாவைக் குறித்த பகுதி வந்தது. பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

அக்டோபர் 19, சனி

அந்த வட ஜெர்மனி ஆலயத்தில் இசைக்கருவியைப் பராமரிப்போருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். அவர்கள் முன்னோரின் கைத்திறனை எங்கள் ஊர் வியக்கிறது என்றும், இழந்த பதினேழு குழல்களுக்காக எங்கள் வீட்டு ஜெபத்தில் ஆண்டவரிடம் விண்ணப்பிக்கிறோம் என்றும் எழுதினேன். குழல்களுக்காக ஜெபிக்கலாமா என்று ஐயர் கேட்டால் பதில் வைத்திருக்கிறேன்.

என் கணவரிடம் கணினியில் அனுப்பச் சொன்னேன். படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இத அனுப்பணுமா?"

"ஏன், இங்கிலீஷ்ல தப்பு இருக்கா?"

"இங்கிலீஷ்ல இல்ல" என்றார். அனுப்பினார்.

நவம்பர் 2, சனி

ஐப்பசி அடைமழை. கூரியர்காரர் கதவருகில் பொட்டலத்தைப் போட்டுவிட்டுச் சென்றிருக்கிறார். மூன்று முறை மணி அடித்தாராம். பக்கத்து வீட்டார் சொன்னார்கள். மணியைப் பழுது பார்க்கச் சொல்லி எத்தனை நாளாயிற்று.

மூன்று மணி நேரம் பயிற்சி. ஃபியூக்கின் கடைசிப் பக்கத்தில் கால்கள் அந்த அடியை எடுக்கும்போது, பதினாறடிக் குழல் நாற்காலி வழியாக எலும்பில் ஏறுகிறது. செவிக்கு வருமுன் உடலுக்கு வருகிறது. இதைச் செய்த தச்சரும் கொல்லரும் மின்விளக்கைக் கண்டதில்லை. மேற்கூரையின் இருளில், எவரும் பார்க்கப்போகாத குழலின் பின்புறத்தையும் இழைத்து வழவழப்பாக்கியிருக்கிறார்களாம். பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்பியவர்களின் வேலை.

நவம்பர் 6, புதன்

பதினேழு குழல்களும் இருக்கின்றன.

நவம்பர் 7, வியாழன்

நேற்று எழுத இயலவில்லை. பதில் எழுதியவர் பெண்மணி. அந்த ஆலயத்தில் இருபது ஆண்டுகளாகக் குழல்களைத் துடைக்கிறவர். மிகுந்த மரியாதையான கடிதம். போர்களில் அவர்களுடைய குழல் ஒன்றும் போகவில்லை. ஊரார் முன்னதாகவே வைக்கோலுக்கடியில் மறைத்துவிட்டார்களாம். ஓரடி வரிசையின் மேற்குழல்கள்தாம் தமக்கு மிகவும் பிரியமானவை என்கிறார். ஒரு படமும் அனுப்பியிருக்கிறார். பதினேழும் பால்பற்களைப்போல் நிற்கின்றன. மிகச் சிறியது அவருடைய சுண்டுவிரலின் பாதி.

என் கணவர் மேசைக்கு மறுபுறம் அமர்ந்திருந்தார். ஓரடிக் குமிழைத் தொட்டேன். உச்சிக் கட்டையை அழுத்தி, விரலை எடுக்காமல் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்கள் சுருங்கின.

"உங்களுக்குக் கேக்குதா?"

"ம்."

"எத்தன நாளா?"

"எனக்கு எப்பவும் கேக்குதுல்லா, ரஞ்சிதம்."

"நான் கேட்டது அது இல்ல."

"ரெண்டு வருசம் இருக்கும். பால் குக்கர்ல ஒரு கோளாறும் கெடையாது. மணியும் நல்லாத்தான் அடிக்கி."

"ஏன் சொல்லல?"

"டாக்டர்ட்ட போவமான்னேன். நீ என் காத நெனச்சிட்ட. சரி, நெனச்சிட்டுப் போறான்னு விட்டுட்டேன்." கட்டையிலிருந்து என் விரலை அவரே மெல்ல எடுத்தார். "இத ஏன் செஞ்சேன்னு நெனைக்க? ஆர்மோனியத்துல மேக்கட்ட சரியில்ல, மேக்கட்ட சரியில்லன்னு நீ சொல்லிட்டே இருந்த. பெரிய பொட்டியா இருந்தா கேக்கும்னு நெனச்சேன்."

நவம்பர் 9, சனி

பரிசோதனைக்குச் சென்றோம். ஒரு சிறு கண்ணாடி அறை. காதில் ஹெட்போனை மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்துங்கள் என்றார் பரிசோதிக்கும் பெண். தொடக்கத்தில் பலமுறை அழுத்தினேன். பிறகு ஒலி வரும் என்று நெடுநேரம் காத்திருந்தேன். கதவு திறந்தது. முடிந்துவிட்டது என்றார்.

காதுக் கருவி வரச் சில வாரமாகும். அது பேச்சுக்கு உதவும், இசைக்கு அவ்வளவாக இல்லை என்றார் மருத்துவர். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். தமிழ் ஆசிரியை என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 11, திங்கள்

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கு வர இயலாது என்று ஐயருக்குக் கடிதம் எழுதினேன். காரணம் எழுதும் இடத்தில் மூன்று முறை நின்றேன். முழங்கால் என்று எழுதினேன். ஆண்டவர் முன்னிலையில் முழங்கால்மேல் பழி போட்டதற்காக அதைக் கிழித்தேன்.

அந்தப் பெண்மணியின் கடிதத்தை மறுபடி எடுத்தேன். முதல்முறை கண்ணில் படாத ஒரு பத்தி. தங்கள் ஆலயத்தில் வாசிப்பவர் எவரும் குமிழ்களைத் தாமே இழுப்பதில்லை. கைகளும் கால்களும் ஓய்வாக இருப்பதில்லை. ஆதலால் பக்கத்தில் ஒருவர் நிற்பார். மேலும், வாசிப்பவர் குழல்களுக்கு மிக அருகில் அமர்வதால் கீழே சபைக்கு எப்படிக் கேட்கிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. முந்நூறு ஆண்டுகளாக அங்கே வாசித்த ஒவ்வொருவரும் இன்னொருவர் செவியை நம்பியே வாசித்திருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் அத்தகைய செவி யாருக்கு இருக்கிறது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. யோசிக்காமல் இருக்கத்தான் பாடுபட்டேன்.

நவம்பர் 12, செவ்வாய்

ரூபவதி வீட்டுக்குச் சென்றேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"வாங்க. உக்காருங்க. கீர ஆயுற சத்தம் கேக்கும், பரவாயில்லையா?"

அதை வாங்கிக்கொள்ள நான் கடமைப்பட்டவள். நானும் ஒரு கொத்தை எடுத்து உருவினேன். "நீங்க சொன்னது சரி, ரூபவதி. மேல சத்தம் இருக்கு. எனக்குத்தான் இல்ல" என்றேன். அதற்குமேல் விளக்க வேண்டியிருந்தால் என்னால் இயன்றிராது. அவர் விளக்கம் கேட்கவில்லை. கைகள் மட்டும் நின்றன.

பக்கத்தில் நின்று குமிழ்களைத் தொட வேண்டும், எது கூடுதல், எது குறைவு என்பதை அவரே முடிவுசெய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"நான் கணக்கு டீச்சர். மார்க்கு கொறைப்பேன்."

"கொறைங்க."

"எல்லார் முன்னாலயும் சாக்பீசுன்னு சொன்னீய."

"எல்லார் முன்னாலயும் பக்கத்துல நிக்கச் சொல்லுதேன்."

கீரைத் தட்டை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டார். "காம்போட போடுதீய. அதயும் நான்தான் பாக்கணும்" என்றார்.

நவம்பர் 23, சனி

ரூபவதி தினமும் மாலை நான்கு மணிக்கு வருகிறார். இசைக்குறிப்புத் தாளில் சிவப்பு மையால் எழுதுகிறார். மிக்ஸ்ச்சரை ஐந்து இடங்களில் நீக்கிவிட்டார். ஓரடியை எல்லா இடத்திலும் அடித்துவிட்டார்.

"அது தனியா நல்லாருக்கு. கூட்டத்துல ஊசி குத்துன மாதிரி இருக்கு" என்றார். ஒப்புக்கொண்டேன்.

வியப்பு ஒன்றைக் குறித்து வைக்க வேண்டும். அவர் எட்டடியில் ஒரே ஒரு வரிசையை மட்டும் வைத்து, "இப்ப வாசிங்க" என்றார். ஒரு துதிப்பாட்டு. ஓக்கு மரத்துக் குழல், மேல்முனை மூடியது, இருட்டில் ஒருவர் மெல்லப் பேசுவது போன்ற குரல். எல்லாவற்றையும் திறந்து வைத்திருந்த நாளில் இது உள்ளே இருந்திருக்கிறது, நான் கேட்டதில்லை. முழுவதும் கேட்டது. ஒரு சுரமும் தவறவில்லை. வாசித்து முடித்தும் கைகளை எடுக்காமல் இருந்தேன்.

என் கணவர் மூவருக்கும் காபி கொண்டுவந்தார். மிக்ஸ்ச்சர் டப்பாவையும். "இத அடிக்க மாட்டியளே?" என்று ரூபவதியிடம் கேட்டார்.

டிசம்பர் 1, ஞாயிறு

மழை விட்டிருந்தது. ஆலயம் நிறைந்திருந்தது. வாசிக்குமுன் ஐயர் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். பதினேழு குழல்களைப் பற்றி எழுதி வைத்திருந்த தாளை வீட்டிலேயே விட்டுவிட்டேன். "குமிழ்களைத் தொடுபவர் ரூபவதி டீச்சர். நீங்கள் கேட்பதைக் கேட்பவர் அவர்" என்றேன். அவர் புருவம் ஏறவில்லை, தலை குனிந்துகொண்டார்.

முன்னிசையில் கால் ஒருமுறை வழுக்கியது. பிறகு ஃபியூக். முதற்குரல் தனியே நடந்தது. இரண்டாவது வந்து சேர்ந்தது. மூன்றாவது. கேட்டதைக் கேட்டேன், கேளாததைக் கட்டையின் ஆழத்தாலும் விரலின் எண்ணிக்கையாலும் அறிந்தேன். யாப்பில் சீர் பிரித்துப் பழகியவளுக்கு இடம் தெரியும்.

கடைசிப் பக்கம். கால்கள் அந்த அடியை எடுத்தன, நாற்காலி அதிர்ந்தது. அப்போது ரூபவதியின் கை திரையின் வலதுமூலைக்குச் சென்று நின்றது. ஓரடி. அவரே சிவப்பு மையால் அடித்தது. என்னைப் பார்த்தார். வேண்டுமா என்று கேட்கவில்லை, தரட்டுமா என்று கேட்டது அந்தப் பார்வை. தலையசைத்தேன். தொட்டார்.

எனக்கு ஒன்றும் மாறவில்லை.

ஆனால் குறிப்புத் தாளுக்கு மேலே சபை தெரிந்தது. மூன்றாம் பெஞ்சில் ஒருவர் தலை நிமிர்ந்தது. பிறகு அவருக்குப் பின்னால் இருந்தவர். பிறகு ஐயர். ஒருவர் பின் ஒருவராகக் கூரையைப் பார்த்தார்கள், அங்கே ஏதோ வந்து இறங்குவதுபோல். எவரும் காதைத் தொடவில்லை. என் கணவர் மட்டும் கூரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சுரத்தை அழுத்தி வைத்திருந்தேன், அந்த முகங்கள் போதுமென்று சொல்லும்வரை.

சபை எழுந்து நின்றது. இசைக்கருவி இங்கேயே இருக்கட்டும் என்று ஐயர் பீடத்திலிருந்தே சொன்னார். "இருக்கையில் இருவர்" என்றும் சொன்னார்.

வெளியே செருப்பைத் தேடும்போது ரூபவதியைக் கேட்டேன். "கடைசியில அது எப்பிடி இருந்திச்சு?"

அவர் ஒற்றைச் செருப்போடு நின்றார். "சொல்லத் தெரியலக்கா. கணக்குல வராது" என்றார். பிறகு, "தொண்ணூத்தெட்டு. ரெண்டு மார்க்கு கால் வழுக்குனதுக்கு."

டிசம்பர் 2, திங்கள்

காலை காபிக்குப் பின் என் கணவரின் கையைப் பிடித்துச் சன்னலருகே அழைத்துச் சென்று, கூடு எங்கே என்று கேட்டேன். அவர் விரல் நீட்டினார். செம்பருத்தியில், இரண்டு இலைகளைத் தைத்த கூட்டுக்கு மேலே, தையல்சிட்டு. அலகு திறந்து மூடியது, திறந்து மூடியது. அது நிறுத்தும்வரை நின்று பார்த்தேன்.